மீட்டர் பெட்டியும் மாமியாரின் மின்விசிறியும்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஈ.பி.காரர் ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடக்கும். என் கணவர் செல்போனில் வந்த தொகையை உரக்கப் படிப்பார். உடனே குற்றவாளியைத் தேடும் படலம் ஆரம்பமாகும். "ராத்திரி பூரா டி.வி. யாரு பார்க்கிறது?" என்பார் அவர். "கிரைண்டர்தான் கரண்டை இழுக்குது" என்பாள் மகள். "நீ தினம் ஒரு துணியாக அயர்ன் பண்றியே, அது?" என்பேன் நான். இப்படி ஆளுக்கு ஆள் பழி போட்டுவிட்டு, மறுநாள் எல்லாரும் பழையபடி இருப்போம்.

நான் என்னைச் சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. "ஏன் ஃபேன் சும்மா சுத்துது?" என்று கேட்டுக்கொண்டே போய் நிறுத்துவேன். அந்தப் பேச்சு யார் காதில் எப்படி விழும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில். 2009-ல் கட்டிய சொந்த வீடு. மாடி கிடையாது, தலைக்கு மேல் நேராகக் கான்கிரீட் தளம். என் மாமியாருக்கு வயது எழுபத்தாறு. மேற்குப் பார்த்த அறையில் அவர் படுக்கை. 2024 மே முதல் வாரம் நினைவிருக்கிறதா? திருச்சியில் வெயில் 105 டிகிரியைத் தாண்டி அடித்த நாட்கள். வாசலில் கால் வைக்க முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் மூன்றரை மணிக்குக் காபி எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனேன். அத்தை கட்டிலில் இல்லை. தரையில், கட்டில் காலில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். புடவை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டால் ஏதோ சொல்கிறார், வார்த்தை குழறுகிறது. மேலே பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று ஸ்விட்சைப் போட்டேன், சுற்றியது.

பக்கத்து வீட்டு அக்காவும் நானுமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பாட்டில் குளுகோஸ் ஏறியது. இரவு எட்டு மணிக்கு, "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று தெளிவாகப் பேசினார். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ரூம்ல ஃபேன் இல்லையா?" என்பதுதான். அத்தை பதில் சொல்லவில்லை. அன்று இரவு நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகச் சொன்னார். "போன தடவை பில்லு ஜாஸ்தின்னு அவன் சத்தம் போட்டானே கண்ணு. நான் ஒருத்தி சும்மாப் படுத்துக் கிடக்கறதுக்கு எதுக்கு ஃபேன்னு மத்தியானத்துல நிறுத்திடுவேன். நீங்க வர்ற சத்தம் கேட்டாப் போட்டுக்குவேன்."

இருபது நாளாக இது நடந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னது தன் மகனை. ஆனால் வீட்டில் சுவிட்ச் சுவிட்சாகப் போய் நிறுத்துகிறவள் நான்தானே!

டாக்டர் அம்மா சொன்னதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், மற்றக் கணக்கெல்லாம் பிறகு. வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பது குறைந்துவிடுமாம். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் நாக்குக் கேட்காது. ஆகவே கேட்டபோது கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாமல், மணிக்கு ஒரு தரம் நாமே மோரோ நீரோ கொடுக்க வேண்டும். (சர்க்கரை, சிறுநீரகம், இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்பதை அவர்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.) ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காற்றே உடம்பைவிட அதிகமாகச் சுடும் நாளில் மின்விசிறி மட்டும் போதாது. ஈரத் துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காரவைக்க வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கும் உஷ்ணம் சீக்கிரம் தாக்கும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அந்த பில் வந்தது. 640 யூனிட், 3,110 ரூபாய். அந்தத் தடவை யாரும் சத்தம் போடவில்லை. என் மூத்த மகன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டு, "பாட்டி ரூம் ஃபேன் மத்தியானம் நாலு மணி நேரம் ஓடினா எவ்வளவுடா ஆகும்?" என்று கேட்டேன்.

ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கள் பழைய ஃபேன் 75 வாட். நாலு மணி நேரத்துக்கு 300 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று நாங்கள் கொடுத்த அதிகபட்ச விலை யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். அந்தக் கணக்கில் போட்டாலும் மூன்று ரூபாய் வராது. மூன்று ரூபாய் மிச்சம் பிடிக்க என் மாமியார் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். அப்படியானால் 640 யூனிட் எங்கேதான் போகிறது?

அன்றுதான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மீட்டர் கணக்கு எழுதத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங், இரவு பத்து மணிக்கு ஒரு ரீடிங். மூன்றாம் நாளே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாரும் தூங்குகிற எட்டு மணி நேரத்திலும் மூன்றரை யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தது.

மகன் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். உங்கள் வீட்டு மீட்டரிலும் பாருங்கள், சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று அடிக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு சாமானை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மினுக்கு என்று எண்ணினால் அதன் ஜாதகம் தெரிந்துவிடும்.

அத்தையைத் திண்ணையில், மீட்டர் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முதலில் அவர் அறை ஃபேனை மட்டும் போட்டோம். ஒரு மினுக்கு. அப்புறம் காத்திருந்தோம், காத்திருந்தோம். பதினைந்து வினாடிக்குப் பிறகுதான் அடுத்தது. "இவ்வளவுதானா?" என்றார் அத்தை. பிறகு தண்ணீர் மோட்டாரைப் போட்டோம். கடிகார முள் மாதிரி வினாடிக்கு ஒன்றாக அடித்தது. கடைசியில் மகன் கெய்சரைப் போட்டான். வினாடிக்கு இரண்டு வீதம் படபடவென்று அடித்ததைப் பார்த்து, "ஐயோ, நிறுத்துடா" என்று அத்தை கையைத் தூக்கிவிட்டார். அன்றைக்குப் பிறகு அவர் ஃபேனை நிறுத்துவதில்லை. நான் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

மினுக்கு எண்ணி எண்ணி நான் கண்டுபிடித்தவற்றில் சில எனக்கே வெட்கமாக இருந்தன.

முதல் குற்றவாளி ஃபிரிஜ். கல்யாணமான புதிதில் வாங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாளைக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. கதவு ஓரத்து ரப்பர் தளர்ந்துபோயிருந்தது. ஒரு ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நோட்டு தானாகவே கீழே விழுந்தது! போதாக்குறைக்குச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். ஃபிரிஜ் உள்ளேயிருக்கும் சூட்டைத்தான் பின்னால் தள்ளுகிறது. அந்தச் சூடு போக ஒரு சாண் இடமாவது விட வேண்டாமா?

அடுத்தது கெய்சர். மார்கழியில் போட ஆரம்பித்தது. குளியலறைக்கு வெளியே கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச், யாரும் அணைக்கவேயில்லை. திருச்சியில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தாலே கொதிநீர் வருகிறது. அந்த ஊரில், யாருமே உபயோகிக்காத பதினைந்து லிட்டர் வெந்நீரை இரவும் பகலும் சூடு ஆறாமல் காத்துக்கொண்டிருந்தது எங்கள் கெய்சர். அதற்கு நாளைக்கு அரை யூனிட்டுக்கு மேல் தண்டம்.

மோட்டார் தன் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் தொட்டி நிரம்பி, தண்ணீர் மாடியிலிருந்து வழிந்து, எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நான் அடுப்படியிலிருந்து ஓடுவேன். நாளுக்கு இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் இப்படிப் போகும். கரண்டும் தண்டம், காவேரித் தண்ணீரும் தண்டம். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. சத்தமில்லாமல் இரண்டு மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட்.

வாஸ்தவத்தில், நாங்கள் சண்டை போட்ட கிரைண்டரும் மிக்ஸியும் அப்பாவிகள். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. என் மகளிடம் இதைக் காட்டியபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

கட்டணக் கணக்கும் ஒரு பாடமாகத்தான் இருந்தது. 2022 செப்டம்பரில் மாற்றியமைத்த விகிதம்தான் அந்தக் கோடையிலும் நடைமுறையில் இருந்தது. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டோடு நின்றால் மொத்தம் 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101-லிருந்து 200 வரை மலிவாகக் கிடைத்த சலுகையும் போய்விடும். 510 யூனிட் என்றால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! எங்கள் 640 யூனிட்டில் கடைசி 140 யூனிட்டுக்கு மட்டும் 1,385 ரூபாய் கொடுத்திருக்கிறோம். விகிதங்கள் அவ்வப்போது மாறும். உங்கள் பில்லை வைத்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

இதுவரை பணக் கணக்கு. மகன் இன்னொரு கணக்கும் போட்டான். புவி சூடாகிறது, கரியமில வாயு என்றெல்லாம் பேப்பரில் படிக்கும்போது அது ஏதோ தொழிற்சாலைக்காரர்கள், கப்பல்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து வருவது. நம் பக்கத்தில் மேட்டூர், தூத்துக்குடி அனல் மின்நிலையங்கள் இருக்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டி எரித்து 1962-லிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றாலை, நீர் மின்சாரம், சூரிய மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும், நாம் செலவழிக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு ஆகாயத்துக்குப் போகிறது. எங்கள் 640 யூனிட்டுக்கு 448 கிலோ! ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ என்றால், பதினேழு பதினெட்டு மூட்டை. கண்ணுக்குத் தெரியாத மூட்டை என்பதால் நமக்கு உறைக்கவில்லை.

"கேஸ் அடுப்பு?" என்று கேட்டேன். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. எரிந்தால் 42 கிலோ கரியமில வாயு என்றான். "பதினாலு கிலோ எப்படிடா நாற்பத்திரண்டு கிலோ ஆகும்?" என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேஸில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் எடை கூடிவிடுகிறதாம். எங்களுக்கு ஒரு சிலிண்டர் நாற்பத்தைந்து நாள் வரும். ஆக, இரண்டு மாதத்துக்கு 56 கிலோ. நாள் முழுதும் எரிகிற அடுப்பைவிட, சத்தமில்லாத சுவருக்குள் ஓடும் கரண்ட் எட்டு மடங்கு அதிகம். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

அடுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருப்பை ஊறவைத்துப் போடுவது, குக்கர் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது எல்லாம் நம் கையோடு பிறந்த விஷயங்கள். அத்தை மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "விறகடுப்புல வெந்த காலத்துக்கு மட்டும் என்னைத் திரும்பப் போகச் சொல்லாதே." 1988-ல் கேஸ் வரும் வரை ஊதுகுழலும் புகையும்தான் அவருக்கு. அந்த இருமல் இன்னமும் இருக்கிறது. பழைய காலமே பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் அந்த அடுப்படியில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் பழைய காலத்தில் ஒன்று நன்றாக இருந்தது, அது கூரை. புதுக்கோட்டைப் பக்கத்தில் என் பிறந்த வீடு நாட்டு ஓடு போட்டது. ஓட்டு இடுக்கு வழியாகச் சூடு மேலே போய்விடும். முற்றத்திலிருந்து காற்று வரும். கான்கிரீட் தளம் அப்படி இல்லை. பகல் முழுதும் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் நம் தலைமேல் கொஞ்சங் கொஞ்சமாகக் கொட்டுகிறது. இரவு பத்து மணிக்கு ஃபேன் காற்று ஏன் சுடுகிறது என்றால், அது தளத்தை ஒட்டியிருக்கும் சூட்டைத்தான் வாரிக் கீழே இறக்குகிறது.

2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த வெயிலில், வழக்கமாக அந்த மாதத்தில் நேரும் மரணங்களைவிட 1,300-க்கும் அதிகமானவை நேர்ந்தன. அதன் பிறகுதான் 2013-ல் அந்த மாநகராட்சி வெயிலுக்கென்றே ஒரு திட்டம் போட்டது. 2017-ல் எளியவர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். தெலங்கானாவில் 2023-ல் குளிர்கூரைக்கென்று அரசாங்கக் கொள்கையே வந்திருக்கிறது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தளம் குடிக்கும் சூடு குறைகிறது. கொத்தனாருக்கும் நமக்கும் தெரிந்த சுண்ணாம்புதான்!

2025 மாசி மாதத்தில் நாங்களும் அடித்தோம். முதலில் பாசியும் மண்ணும் போகத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டோம். நீர்த்த சுண்ணாம்புத் தூளோடு வெள்ளை சிமெண்டும், பெயிண்ட் கடையில் கிடைக்கும் பசையும் கலந்து, சாயங்கால வேளையில் இரண்டு பூச்சு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளாமல் இறங்காதீர்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆள் கூலி இல்லாமல் எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடையில் இதற்கென்றே பெயிண்ட் விற்கிறது. விலை பல மடங்கு, ஆனால் வருஷக் கணக்கில் நிற்கும். எங்கள் சுண்ணாம்பு ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வருஷாவருஷம் பொங்கலுக்குப் பிறகு அடிக்க வேண்டியதுதான். மகன் வாங்கி மாட்டிய வெப்பமானியில் முந்தைய மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அத்தை அறை 38 டிகிரி செல்சியஸ் காட்டியது. வெள்ளையடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியும் கட்டிய பிறகு 35. தட்டியை ஜன்னலுக்கு உள்ளே கட்டினால் பாதி பலன்தான். வெயில் கண்ணாடிக்குள் வருவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும்.

மற்றவை ஒவ்வொன்றாக நடந்தன. சீட்டுப் பணத்தில் புது ஃபிரிஜ் வந்தது. கடையில் ஐந்து நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று காட்டுவார்கள். நட்சத்திரத்தோடு நிற்காமல், அந்த முத்திரையில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதையும், அது எந்த வருஷத்து முத்திரை என்பதையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய முத்திரையில் ஐந்து, புதிய கணக்கில் மூன்றாக இருக்கலாம். புது ஃபிரிஜ் நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள் முடித்துக்கொள்கிறது. அதிகம் ஓடும் மூன்று ஃபேன்களை மட்டும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்ததாக மாற்றினோம். 75 வாட் வேலையை 30 வாட்டுக்குள் செய்கிறது. ஒன்று மூவாயிரம் ரூபாய். ஆகவே ஒரே நாளில் வாங்கவில்லை, மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக வாங்கினோம். எப்போதோ ஓடுகிற பூஜை அறை ஃபேனை மாற்றினால் போட்ட காசு திரும்பி வராது. அதை அப்படியே விட்டுவிட்டோம். கெய்சர் ஸ்விட்சின் மேல் பெரிய எழுத்தில் 'மார்கழி, தை மட்டும்' என்று காகிதம் ஒட்டியிருக்கிறேன்.

பிறகு வந்தது ஏ.சி. விவகாரம். இவ்வளவு மிச்சம் பிடித்துவிட்டு ஏ.சி.யா என்று என் கணவருக்குக் கோபம். "அம்மாவை மறுபடி ஆட்டோவில் தூக்கிக்கிட்டுப் போக என்னால ஆகாதுங்க" என்றேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரே போய் விலை விசாரித்துவிட்டு வந்தார். கரண்ட் கணக்குத்தான் பார்க்கிறோம் என்றால் ஏ.சி. பெரிய பூதம்தான். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட். அத்தையின் அறை சின்னது. ஒரு டன்னே போதும். 27-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுகிறோம். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைதான், அதுவும் அனல் வீசும் நாட்களில் மட்டும். ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைத்தாலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சம். அந்த நாலு மணி நேரமும் வீடே அந்த ஒரு அறையில்தான் இருக்கும். நான் கீரை ஆய்வதுகூட அங்கேதான்.

ஏ.சி. விஷயத்தில் கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. "வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும்மா" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் அல்ல. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் மறுபடி ஆகாயத்துக்குத்தான் போகும். பல ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால், அது 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். நாங்கள் ஒன்பது மாதம் செலவழிக்கும் கரண்டுக்கு ஈடு! ஆர்-32 என்பதில் அது மூன்றில் ஒரு பங்கு. நாங்கள் அதைத்தான் கேட்டு வாங்கினோம்.

மாடியில் சூரிய மின்தகடு போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் போட்டிருக்கிறார். கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் போல வருகிறதாம், கூரைக்கு நிழலும் ஆகிறது. மானியம் போகவும் கைப்பணம் கணிசமாக வேண்டும். மகள் கல்லூரிக்குப் போகிற வருஷம் எங்களால் ஆகவில்லை.

2025 ஏப்ரல், மே கணக்கு வந்தபோது 452 யூனிட். ஏ.சி. ஓடியும்! முந்தைய வருஷத்தைவிட 188 யூனிட் குறைவு. மகன் கணக்கில் 130 கிலோ கரியமில வாயு. என் கணவர் செல்போனை உரக்கப் படித்துவிட்டு, சண்டைக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

அத்தைக்கு இப்போது ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. மோட்டார் போட்டால் அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். தொட்டி நிரம்பும்போது தண்ணீர் விழும் ஓசை மாறுமாம்; எனக்குக் கேட்பதில்லை, அவர் காதுக்குக் கேட்கிறது. இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அறையிலிருந்து குரல் வருகிறது: "ஏம்மா, அங்கே என்ன பண்றே? ரொம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்து!"